வன்னீரும் மனைவாழ்வும்: அக்கரைப்பற்று நீர்வரலாற்றில் ஓர் ஆய்வு

அக்கரைப்பற்று என்னும் ஊர்ப்பெயரிலேயே நீர் மறைந்து நிற்கின்றது. அக்கரை என்பது நீருக்கு அப்பாலுள்ள கரை. பற்று என்பது பழைய மட்டக்களப்பு நாட்டின் நிலப்பிரிவுகளைக் குறிக்க வழங்கிய சொல். மேற்கே வயலும் குளமும், கிழக்கே ஓயாத கடலும் அமைய, அவற்றின் இடைப்பட்ட மணற்பரப்பிலே தமிழரும் முஸ்லிம்களும் அயலயலாகக் குடியிருந்து வந்துள்ளனர். இரு சாராரையும் நெடுங்காலம் வாழ்வித்தது அவரவர் வளவிலே தோண்டிய கிணறு. வயலுக்குக் குளம், வீட்டுக்குக் கிணறு என்பதே இக்கரையோரத்தின் பழைய நீர்முறை.

குளத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். அரசர் கட்டிய அணைகளும் அவற்றின் கல்வெட்டுக்களும் நூல்களில் இடம்பெற்றுள்ளன. கிணற்றின் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலர். அக்கிணற்று நீர் அடுக்களையிற் புகுந்து செய்த வேலைகளை எழுதியோர் அவரினுஞ் சிலர். பருப்பு வேகாமை, சவர்க்காரம் நுரையாமை, கேத்தலின் அடியில் வெள்ளைக் கல் படிதல், வெளுத்த துணி நாளடைவிற் பழுப்பேறி விறைத்தல் ஆகியவற்றை நாடோறும் கண்டும் அவை வரலாற்றுக்கு உரியவை என்று நாம் எண்ணுவதில்லை. அவை வரலாற்றுக்கு உரியவையே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். நீரின் வன்மை என்பது நீரின் குற்றமன்று. அந்நீர் கடந்துவந்த நிலத்தின் சரிதம் அது. அச்சரிதத்தை மறந்த மனை, தன் நீரைக் காக்கும் வழியையும் மறக்கும்.

வன்மை யாது?

மழைநீர் இயல்பில் மெல்லியது. விண்ணினின்று வீழுங்கால் வளியிலுள்ள காபனீரொட்சைட்டிற் சிறிதைக் கரைத்துக்கொள்கின்றது. மண்ணுட் புகுந்தபின், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் அதே வாயுவை மேலும் மிகுதியாகப் பெறுகின்றது. இவ்வாறு மென்புளிப்பேறிய நீர், சுண்ணக் கல்லையும் சிப்பி ஓட்டையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். அங்ஙனம் கரைந்த கல்சியமும் மகனீசியமும் நீரிலே கண்ணுக்குப் புலனாகாமல் நிற்றலே வன்மை எனப்படும். அத்தகைய நீர் வன்னீர். அவை குறைந்த நீர் மென்னீர்.

இவ்வுண்மையை முதன்முதல் தெளிவுற ஆராய்ந்தவர் ஆங்கில அறிஞர் ஹென்றி கவெண்டிஷ். இலண்டன் மாநகரில் இறத்போன் பிளேஸ் என்னும் தெருவிலிருந்த நீரேற்றியின் நீரை அவர் சோதித்து, அதிலுள்ள சுண்ணம் வாயுவின் மிகையினாலேயே கரைந்து நிற்கின்றது என 1767 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீரைக் கொதிக்க வைத்தால் அவ்வாயு வெளியேறும். வெளியேறவே சுண்ணம் மீண்டும் கல்லாகிப் படியும். கேத்தலின் அடியிற் காணும் வெள்ளைப் படிவு இதுவே. கொதித்தலால் நீங்கும் வன்மையைத் தற்காலிக வன்மை என்றும், சல்பேற்று, குளோரைட்டு முதலிய உப்புக்களால் உண்டாகிக் கொதித்தலால் நீங்காத வன்மையை நிரந்தர வன்மை என்றும் பகுப்பர். வன்மையின் அளவு, ஒரு லீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் கல்சியங் காபனேற்றுக்கு ஒப்பானது எனக் கணிக்கப்படும். 60 வரை மென்னீர், 180 இற்கு மேல் மிகு வன்னீர் என்பது பலரும் கொள்ளும் பகுப்பு. குடிநீருக்கான இலங்கைத் தரநிலை 614 (2013) வன்மையின் எல்லையை 250 மில்லிகிராம் என வகுத்துள்ளது.

யாழ்ப்பாணமும் இக்கரையோரமும்

இலங்கையில் வன்னீர் எனின் யாவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணம். அக்குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக் கல்லின்மீது அமைந்தது; ஆதலின் ஆங்குள்ள கிணற்று நீர் வன்னீராதல் இயல்பு. அக்கரைப்பற்றின் நிலையோ வேறு. இங்குக் கிணறு தோண்டுவார் காண்பது சுண்ணப் பாறையன்று, மணல். எனினும் இம்மணல் வெறும் பளிங்குத் துகள் மட்டுமன்று. கடல் ஒதுக்கிய சிப்பியும் சங்கும் பொடியாகி அதனுட் கலந்துள்ளன. யாழ்ப்பாணத்திற் பாறை செய்யும் வேலையை இங்கே சிப்பித்துகள் சிறிய அளவிற் செய்கின்றது. மேற்கேயுள்ள உள்நிலத்தில் பழமையான உருமாறிய பாறைகள் சிதைந்து மண்ணாகுங்கால் அவற்றினின்றும் கல்சியமும் மகனீசியமும் நீரிற் சேர்கின்றன. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் தொடரும் நெடிய வறட்சியில் நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் உப்பு மேலும் செறிகின்றது. ஆதலினாற்றான் ஒரே கிணறு மார்கழியில் ஒரு சுவையும் ஆவணியில் ஒரு சுவையும் உடைத்தாகின்றது.

இவற்றினும் பெரிய காரணம் கடல். கரையோர மணலில் நன்னீர் ஒரு வில்லையைப்போல உவர்நீரின்மீது மிதந்து நிற்கின்றது. இந்நிலையை ஒல்லாந்தராகிய படொன் கைபென் 1889 அளவிலும், ஜெர்மனியராகிய ஹெர்ஸ்பேர்க் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே விளக்கினர். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், மட்டத்திற்குக் கீழே அது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை உவர்நீரைத் தாழ்த்தி நிற்கும் என்பது அவர்தம் விதி. இதன் மறுபக்கம் அஞ்சத்தக்கது. மேலே ஒரு சாண் நீரை மிகையாக இறைப்பின், கீழே உவர்நீர் அதனைப்போற் பன்மடங்கு எழும்.

கடல்நீர் ஒரு லீற்றரில் மகனீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராமும் கல்சியம் ஏறத்தாழ 400 மில்லிகிராமும் உள்ளன. வன்மைக் கணக்கில் இவை 6,000 மில்லிகிராமுக்கு மேற்படும். ஐம்பது வாளி நீரில் ஒரு வாளி கடல்நீர் கலப்பினும் வன்மை 120 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். குளோரைட்டும் 380 மில்லிகிராம் அளவிற் கூடிச் சவர்ச்சுவை நாவிற் படும். எனவே, இக்கரையோரத்தில் கிணற்றின் வன்மை திடீரென மிகுதல், கடல் அணுகுகின்றது என்பதற்கு ஓர் எச்சரிக்கையும் ஆகலாம். யாழ்ப்பாணத்து வன்மை பாறையின் இயல்பு மிகுதியும் உடையது. இங்குள்ள வன்மையோ கடலின் செய்தியையும் தாங்கி வருவது.

சவர்க்காரத்திற்கு முன்னர்

வன்னீர் மனைக்குத் துன்பம் தருவது எக்காலத்தும் இருந்ததா என்னும் வினா ஈண்டு எழுகின்றது. வன்னீரின் துன்பங்களுட் பெரியது சவர்க்காரம் நுரையாமை. நம்மவர் உடலையும் உடையையும் தூய்மை செய்யப் பயன்படுத்திய பழைய பொருள்கள் சவர்க்காரம் அல்ல. சீயக்காய், பூவந்திக் கொட்டை, பயற்றமா, உவர்மண், விறகுச் சாம்பல் என்பன அவை.

இவற்றின் இயல்பை இன்றைய இரசாயன அறிவோடு நோக்கின் வியப்பு உண்டாகின்றது. பூவந்தியிலும் சீயக்காயிலும் நுரை தருவது சபோனின் என்னும் பொருள். சவர்க்காரத்தைப்போல அது கல்சியத்தோடு கூடித் திரிந்து கெடுவதில்லை; வன்னீரிலும் நுரைக்கும். சாம்பலிலுள்ள பொற்றாசியங் காபனேற்றும் உவர்மண்ணிலுள்ள சோடியங் காபனேற்றும் நீரிலுள்ள சுண்ணத்தைப் படிவாக்கி நீரையே மென்னீராக்குவன. இன்று சலவைச் சோடா செய்யும் வேலை இதுவே. இம்முறைகளைக் கண்டோர் கல்சியம் என்னும் பெயரை அறியார். எனினும் எந்த நீருக்கு எப்பொருள் பொருந்தும் என்பதை அறிந்திருந்தனர்.

நீரை வகைப்படுத்தும் அறிவும் பழமையானதே. ஆற்றுநீர், குளத்துநீர், கிணற்றுநீர் முதலியவற்றின் குணங்களைத் தனித்தனியே கூறும் பகுதி பதார்த்தகுண சிந்தாமணி என்னும் மருத்துவ நூலில் உண்டு. மனையிலுள்ள முதியோரும், இது குடிக்க, இது குளிக்க, இது பாத்திரம் விளக்க எனக் கிணறுகளைப் பிரித்தே வழங்கினர். மழைக்காலத்தில் பீலியில் வழியும் நீரைக் கிடாரத்திற் பிடித்துப் பருப்பு அவிக்கவும் தலை முழுகவும் வைத்துக்கொள்ளுதல், மென்னீரின் அருமையை அறிந்தார் செயல். தமிழர் வீட்டு அம்மம்மாவும் முஸ்லிம் வீட்டு உம்மம்மாவும் இவ்வறிவில் ஒரே பள்ளியில் பயின்றவராவர்.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். தேற்றாங்கொட்டையை உரைத்து இடுதல் கலங்கிய நீரைத் தெளிவிக்குமேயன்றி வன்மையைப் போக்காது. தெளிவு வேறு, மென்மை வேறு. பளிங்குபோற் தெளிந்த நீரே மிகு வன்னீராகவும் இருத்தல் கூடும்.

சவர்க்காரம் வந்தபின்

சவர்க்காரம் பழம்பொருளே எனினும், அது மலிந்து எளியோர் இல்லங்களிலும் புகுந்தது 19 ஆம் நூற்றாண்டிலே. கொழுப்பினின்று சவர்க்காரம் உண்டாகும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் ஆராய்ந்து 1823 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சவர்க்காரம் பெருகிய நாடுகளிலே வன்னீரும் வீட்டுச் செலவுக்குரிய பிரச்சினையாயிற்று. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்துப் பேராசிரியர் தோமஸ் கிளாக், வன்னீரில் அளவறிந்து சுண்ணாம்பு சேர்த்து அதன் தற்காலிக வன்மையைப் போக்கும் முறைக்கு 1841 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சுண்ணத்தைச் சுண்ணாம்பால் நீக்குதல் முள்ளை முள்ளால் எடுத்தலை ஒக்கும். வன்மையை அளக்க அவர் வகுத்த முறையும் சவர்க்காரக் கரைசலைக் கொண்டதே; நுரை நிலைக்க எவ்வளவு சவர்க்காரம் வேண்டும் என்பதே அளவுகோல்.

தமிழில் இவ்வறிவு புக அதிக காலம் செல்லவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களையும் அறிவியல் நூல்களையும் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். அப்பணியின் பயனாகக் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வன்னீர் மிக்க நாட்டிலேயே தமிழ் இரசாயனம் தொடக்கம் பெற்றமை நினைத்தற்கு இனியது.

சவர்க்காரத்திற்கு வன்னீர் விளைக்கும் இழப்பை ஒரு கணக்கால் உணரலாம். வன்மை 300 மில்லிகிராம் உள்ள நீர் 20 லீற்றர் கொண்ட ஒரு வாளியில், சுண்ணத்திற்கு ஒப்பான பொருள் 6 கிராம் உண்டு. அவ்வளவையும் படிவாக்கும்வரை உலர்ந்த சவர்க்காரம் ஏறத்தாழ 37 கிராம் வீணாகும். அதன்பின்னரே நிலைத்த நுரை எழும். வாளிநீர் முழுவதையும் ஒருவரும் நுரைக்க வைப்பதில்லை. எனினும் கழுவுந்தோறும் அவ்விழப்பின் ஒரு பங்கு நிகழ்ந்துகொண்டே இருக்கும். வீணான சவர்க்காரம் மறைந்து போவதுமில்லை. கரையாத பிசுக்காகித் துணியின் இழைகளிலும், கூந்தலிலும், குளியலறைச் சுவரிலும் படிகின்றது. வெள்ளைச் சட்டை பழுப்பேறுதலும் தலைமயிர் பிசுபிசுத்தலும் இதனால் விளைவன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் சந்தைக்கு வந்த செயற்கைச் சலவைத்தூள்கள் வன்னீரிலும் வேலை செய்தமையாலேயே உலகெங்கும் விரைந்து பரவின. சபோனின் நம்மவர்க்குச் செய்த உதவியை ஆலை மீண்டும் செய்தது எனலாம்.

அடுக்களையில் விளைவன வேறு. பருப்பு, கடலை, பயறு முதலியவற்றின் உயிரணுக்களை இணைத்து நிற்கும் பெக்ரின் என்னும் பொருள் வெந்து நெகிழ்தல் வேண்டும். நீரிலுள்ள கல்சியம் அதனோடு பிணைந்து அதனை இறுக்குகின்றது. ஆதலின் பருப்பு நெடுநேரம் வெந்தும் கரையாது. ஒரு சிட்டிகை அப்பச்சோடா இடும் வழக்கம் இதற்கு மாற்று. மிகையாயின் பருப்பிலுள்ள உயிர்ச்சத்துக் கெடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும். தேநீரின்மேல் ஆடைபோற் படரும் மெல்லிய படலமும் வன்னீரின் செயலே. இலண்டனில் ஸ்பைரோ, ஜகன்யி என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நீரிலுள்ள கல்சியமும் இருகாபனேற்றும் தேயிலைச் சத்தோடு வளியிற் கூடுங்கால் அப்படலம் தோன்றும். புளிப்புச் சேரின் தோன்றாது. வெறுந்தேநீரில் தேசிக்காய் பிழிவார் இதனை நாவால் அறிந்தவர்.

கேத்தலின் கணக்கும் சிறியதன்று. தற்காலிக வன்மை 200 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு 4 லீற்றர் கொதிக்க வைக்கும் வீட்டில், அது முழுவதும் படியுமாயின் ஓராண்டில் ஏறத்தாழ 290 கிராம் கல் சேரும். அக்கல் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் விறகோ எரிவாயுவோ மின்சாரமோ மிகையாகச் செலவாகும். வினாகிரியும் தேசிப்புளியும் அதனைக் கரைக்கும். அலுமினியப் பாத்திரமாயின் புளியை நெடுநேரம் ஊறவிடலாகாது.

குழாய் வந்த வரலாறு

துலாவும் வாளியும் இருந்த காலத்தில் நீரின் பிறப்பிடம் கண்முன் நின்றது. மின்னாற்றலால் இயங்கும் நீரேற்றியும் மேல்நிலைத் தொட்டியும் வந்தபின், அதே கிணற்று நீர் குழாய்வழி அடுக்களைக்கு வரலாயிற்று. நீர் மாறவில்லை; வன்மையும் மாறவில்லை. ஆயினும் குழாயைத் திறப்பவர்க்கு அது எங்கிருந்து வருகின்றது என்பது மறந்துபோயிற்று. கையால் இறைத்தவர் வேண்டிய அளவே இறைத்தார், நீரேற்றியோ அளவறியாது. மேலே கூறிய நன்னீர் வில்லைக்கு இது பெருஞ் சுமையாகும்.

மற்றொரு குழாய் தொலைவிலிருந்து வந்தது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 7,70,000 ஏக்கர் அடி, அஃதாவது ஏறத்தாழ 95 கோடி கன மீற்றர். 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பினின்று பிரிந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975 ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கியது. பின்னர் அம்பாறை நகரருகேயுள்ள கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்துக் கரையோர ஊர்களுக்கு அனுப்பும் திட்டம் நிறைவேறியது. அக்கரைப்பற்றும் அதனாற் பயன்பெறும் ஊர்களுள் ஒன்று.

அக்குளத்தருகே 10 ஆம் நூற்றாண்டுக்குரிய ஒரு தூண் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. உழவிலும் நீர்ப்பாய்ச்சலிலும் தவறிழைப்போர்க்குத் தண்டம் விதிப்பது அதன் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நீருக்குக் காவலும் கட்டுப்பாடும் வகுத்த இடத்தினின்றே இன்று நம் வீட்டுக் குவளைக்கு நீர் வருகின்றது. நிலத்தடியிற் கிடந்து உப்பைச் சேர்த்த நீரினும், மழையாற் பெருகித் தேங்கும் குளத்துநீர் பொதுவாக மென்மையுடையது. ஆதலின் ஒரே வீட்டில் கிணற்றுக் குழாயில் நுரையாத சவர்க்காரம் சபைக் குழாயில் நுரைத்தல் கூடும். இரு குழாய்களும் இரு வேறு நிலங்களின் சரிதத்தைக் கூறுகின்றன.

2004 இன் பாடம்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் காலை கடல் கரையேறியது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறை; இம்மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோர் திரும்பி வந்தபோது கிணறுகளிற் கண்டது கடல்நீரும் சேறும் அழுக்குமே. நுரையாத நீர் என்னும் பழைய குறை, அருந்தலாகாத நீர் என்னும் பேரிடராக மாறியது. வெளியிலிருந்து கொண்டுவந்த நீரையே மக்கள் நம்பி வாழ நேர்ந்தது.

கிணறுகளை இறைத்து இறைத்துத் தூய்மை செய்யப் பலர் முயன்றனர். அழுக்கும் சேறும் நீங்கின. உப்போ எளிதில் நீங்கவில்லை. மிகையாக இறைத்தமை கீழுள்ள உவர்நீரை மேலெழச் செய்யும் அபாயத்தையும் உடைத்தாயிருந்தது. கிழக்குக் கரையோரத்தில் நிகழ்ந்த ஆய்வுகள் உணர்த்திய உண்மை, மணலுட் புகுந்த உப்பைக் கழுவியது இயந்திரமன்று, அடுத்தடுத்து வந்த பருவமழையே என்பதாம். கைபென், ஹெர்ஸ்பேர்க் ஆகியோரின் விதியை எழுத்திற் படித்த நாம் அதனை நம் வளவிலேயே கண்டோம்.

இன்று செய்யத்தக்கது

வன்னீர் நோய் தருமா என்பது பலரும் வினவும் வினா. கல்சியமும் மகனீசியமும் உடலுக்கு வேண்டியனவே. நலம் கருதி வன்மைக்கு எல்லை எதனையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. நம் நாட்டுத் தரநிலையை மீறிய நீரெல்லாம் நஞ்சு எனக் கொள்ளுதல் பிழை. வட மத்திய மாகாணத்தில் 1990 களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோய்க்கு, வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த நீர் காரணமாகலாம் எனச் சில அறிஞர் கருதுவர். முடிவு இன்னும் எய்தப்படவில்லை. கிணற்று நீரில் வன்மையினும் அஞ்சத்தக்கது மலக்குழியின் கசிவு. அது நாவிற்கும் தெரியாது, சவர்க்காரத்திற்கும் தெரியாது. மணல்நிலத்தில் அது விரைந்து பரவும்.

குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைத் தூர்ப்பதும் அதனைக் குப்பைக் குழியாக்குவதும் ஆங்காங்கே காணப்படுகின்றன. இஃது அறிவுடைமையன்று. தொலைவிலுள்ள குளத்தையும் அதனை இணைக்கும் நெடுங்குழாயையும் மட்டும் நம்பிய ஊர், வறட்சியிலும் இடரிலும் ஒரு கையை இழந்த ஊராகும். கிணற்றை மட்டும் நம்பிய ஊரின் நிலையை 2004 இற் கண்டோம். இரண்டும் வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீர், ஏனையவற்றுக்கு அளவறிந்து இறைத்த கிணற்று நீர் எனப் பகுத்து வழங்குதல், முன்னோர் கிணறுகளைப் பகுத்து வழங்கிய அதே நெறியின் தொடர்ச்சியாகும்.

மாணவர்க்கு இதில் ஒரு பணி உண்டு. இரண்டு ஒரே அளவான போத்தல்களை எடுத்து, ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் வீட்டுக் கிணற்று நீரும் பாதியளவு விட்டு, சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்துக் குலுக்குக. நுரை நிலைக்க எத்தனை துளி சென்றன என்பதை எழுதுக. மாதந்தோறும் இதனைச் செய்து, மழைநாளும் வறள்நாளும் குறித்து வைப்பின், சில ஆண்டுகளில் ஊரின் நீர்வரலாறு ஒன்று உருவாகும். பழைய மாணவர் தத்தம் வீட்டு முதியோரை வினவி, எக்கிணறு நல்ல தண்ணீர், எது சவர், எப்போது மாறியது என்பதை எழுதி உதவலாம். அம்முதியோர் மறையுமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

அரசரும் போரும் இன்றி ஊர்கள் வாழ்ந்ததுண்டு, நீரின்றி வாழ்ந்ததில்லை. இன்று மாலை கேத்தலைக் கழுவும்போது அதன் அடியிலுள்ள வெள்ளைப் படிவை ஒருகணம் நோக்குக. சிப்பியும் மழையும் கடலும் சேர்ந்து எழுதிய ஓர் ஏடு அது. அதனைச் சுரண்டி எறிவதில் தவறில்லை; படிக்காமல் எறிதலே தவறு.